ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களுக்கு நினைவுக்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கள் ஊரிலிருந்தும் தெருவிலிருந்தும் ராணுவத்துக்குப் போனவர்களுக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்று நினைக்கிற இளைஞர் மன்றங்கள், முன்னாள் படைவீரர் சங்கங்கள், ஊராட்சித் தலைவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இவை. அனுமதி, கல், எழுத்து என்று எல்லாவற்றுக்கும் கீழே பதில் இருக்கிறது. அவற்றில் எதை விட்டாலும் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள்.

"நம் ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள்" என்று எழுதினால் போதாதா?

போதாது. அப்படி எழுதி வைத்ததால் என்ன ஆனது என்பதற்கு வேலூரே சாட்சி. லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-18 பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. அவ்வளவுதான். அந்தப் பதினான்கு பேர் யார், எந்தத் தெரு, யாருடைய பிள்ளைகள் என்பதற்கு அந்தக் கல்லில் பதில் கிடையாது. முதல் உலகப் போர் முடிந்ததும் ஆங்கிலேய அரசு இதே வாசகத்தை அச்சு மாறாமல் இந்தியா முழுவதும் ஊர் ஊராகப் பதித்தது. எண்களை மட்டும் மாற்றிக்கொண்டது.

இதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கல் ஒன்றைப் பாருங்கள். செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இருக்கிறது. வீரன் பெயர் கருந்தேவகத்தி. பக்கத்தில் ஒரு நாயின் உருவம். கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயரும் கல்லில் உண்டு: கோவிவன். நாய்க்குக்கூடப் பெயர் எழுதி வைத்த மண்ணில், மெசபடோமியாவிலும் (இன்றைய இராக்) கிழக்கு ஆப்பிரிக்காவிலும் செத்தவர்களை வெறும் எண்ணாக விட்டுவிட்டோம். புதிதாக வைக்கிற கல்லிலாவது அது நடக்கக் கூடாது.

இது வெள்ளைக்காரன் பழக்கமில்லையா? நமக்கு எதற்கு?

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தில் இருக்கின்றன. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையவை. மாடு கவரும் ஆநிரைச் சண்டையில் விழுந்தவனின் பெயரும் ஊரும் சண்டையும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. கல்லைத் தேர்ந்தெடுப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. தர்மபுரியில் நடுகற்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த வழக்கத்தை நாம் யாரிடமும் இரவல் வாங்கவில்லை.

இறந்தவர்கள் பெயர் மட்டும்தானா? ஓய்வு பெற்று ஊரில் இருப்பவர்கள்?

எல்லாரையும் சேருங்கள். பதினைந்து, இருபது வருடம் ராஜஸ்தான் வெயிலிலும் காஷ்மீர் பனியிலும் கிடந்துவிட்டு வந்து, இன்று வங்கி வாசலில் செக்யூரிட்டியாக நிற்பவர் பெயரை அவர் உயிரோடு இருக்கும்போதே கல்லில் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளையைக் கூட்டிவந்து அவரே காட்ட வேண்டும். உயிர் கொடுத்தவர்களைத் தனி வரிசையாக மேலே வைத்து, பணியாற்றியவர்களை அதற்குக் கீழே எழுதலாம். வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையை "ராணுவப்பேட்டை" என்றே அழைக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்த ஊர். அப்படிப்பட்ட ஊரில் இறந்தவர்களை மட்டும் எழுதினால் ஊரின் கதையில் பாதிகூட வராது.

சண்டையில் சாகாமல் விபத்திலோ நோயிலோ இறந்தவரைச் சேர்க்கலாமா?

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19 ஆயிரம் அடிக்கு மேல் இருந்த சாவடியைப் பனிச்சரிவு மூடியது. மெட்ராஸ் ரெஜிமென்ட் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர்மீதும் எதிரியின் குண்டு படவில்லை. அவர்களை எந்த வாயால் விலக்குவது?

படைக்குள் சண்டையில் இறந்ததற்கு ஒரு கணக்கும் மற்ற இறப்புக்கு ஒரு கணக்கும் உண்டு. ஓய்வூதியம், உதவித்தொகைக்காக அந்தப் பிரிவினை தேவைப்படுகிறது. ஊர்க்கல்லுக்குத் தேவையில்லை. "பணியில் உயிர் நீத்தவர்கள்" என்று ஒரே தலைப்பில் எழுதிவிடுங்கள். ஒரு தாய் தன் மகன் பெயர் இரண்டாம் பட்டியலில் இருப்பதைப் பார்க்க நேரக் கூடாது.

சமையல்காரர், வண்டியோட்டி, மருத்துவமனை ஊழியர் எல்லாம் வீரர்களா?

ஆம். முதல் உலகப் போருக்குச் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள் தொண்ணூறாயிரத்துக்கும் மேல். அவர்களில் பலர் துப்பாக்கி தூக்கியவர்கள் அல்லர். ரோடு போட்டார்கள், தண்ணீர் சுமந்தார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். குண்டு விழுந்த இடத்தில்தான் அவர்களும் இருந்தார்கள். ராணுவச் செவிலியர்களையும் மறந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வீடு போய் "உங்க வீட்டு ஆம்பளைங்க யாராவது..." என்று கேள்வியைத் தொடங்கினால் அவர்கள் பெயர் வராது.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படைகளில் இருந்தவர்கள்?

சேருங்கள். 2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலில் இறந்த 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் இருவர் தமிழர்கள். படைப்பிரிவின் பெயரை எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

ஒரே ஊரில் தாத்தா ஒருவர் பிரிட்டிஷ் ராணுவத்தில், இன்னொருவர் நேதாஜி படையில். இரண்டு பெயரும் ஒரே கல்லிலா?

ஒரே கல்லில்தான். ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கங்களில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். மலேயாவுக்குப் பிழைக்கப் போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பர்மாவில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி எதிர்ப்பக்கம் நின்றிருக்கவும் இடமுண்டு. சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி 1945-இல் கட்டிய நினைவுத்தூணை, திரும்பி வந்த ஆங்கிலேயர் அதே ஆண்டு இடித்துத் தள்ளினார்கள். பெயரும் படையும் ஆண்டும் எழுதுங்கள். யார் செய்தது சரி என்று பேச வகுப்பறையும் மேடையும் இருக்கின்றன.

இலங்கைக்குப் போன அமைதிப்படையினரை எழுதுவதில் ஊரில் மனத்தாங்கல் இருக்கிறது. என்ன செய்வது?

இதை மழுப்ப வேண்டாம். 1987 முதல் 1990 வரை அங்கே இந்தியப் படையினர் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று உயிர் நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அவர்களில் ஒருவர். அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் அந்தப் படையால் கொல்லப்பட்டார்கள். இரண்டும் நடந்தவை. ஈழத்திலிருந்து வந்து உங்கள் ஊரில் வாழ்கிற குடும்பம் அந்தக் கல்லைக் கடந்துதான் கடைக்குப் போகும்.

நான் சொல்வது இதுதான்: அந்தச் சிப்பாயின் பெயரையும் "இலங்கை, 1987" என்பதையும் எழுதுங்கள். "வெற்றி", "தியாக வேள்வி" போன்ற அடைமொழிகள் வேண்டாம். உத்தரவிட்டவன் அவன் அல்லன். அவனை விட்டுவிட்டால் அவன் பெற்றோருக்கு அநியாயம். அடைமொழி போட்டால் மற்றவர்களுக்கு அநியாயம். முடிவெடுக்கும் முன் இரண்டு தரப்பு வீடுகளுக்கும் நேரில் போய்ப் பேசிவிடுங்கள்.

பழைய ஆட்களின் பெயர்களை எப்படித் திரட்டுவது?

எழுபது, எண்பது வயதுக்காரர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்கள் போய்விட்டால் பாதிப் பெயர்கள் போய்விடும். "பட்டாளத்தார் வீடு", "சுபேதார் வீடு", "மிலிட்டரிக்காரர் தோட்டம்" என்று ஊரில் வழங்குகிற பெயர்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்தொடருங்கள்.

அந்த வீடுகளில் பரண்மேல் கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டில் படை எண், பதவி, பெயர். அதுவே முதல் ஆவணம். உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகமோ பென்ஷன் உத்தரவோ இருந்தால் சேர்ந்த நாள், விலகிய நாள், படைப்பிரிவு எல்லாம் கிடைத்துவிடும். பதக்கம் இருந்தால் முகப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு சின்ன எழுத்துகளில் ஓடும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். விளிம்பு எழுத்து தேய்ந்துவிடும்.

முதல் உலகப் போரில் இறந்தவர் வீடுகளுக்கு ஏறத்தாழ அரைச் சாண் அகலமுள்ள வட்ட வெண்கலத் தகடு ஒன்று அனுப்பப்பட்டது. பிரிட்டனைக் குறிக்கும் பிரிட்டானியா என்ற பெண் உருவமும் சிங்கமும், அருகே இறந்தவரின் பெயரும் இருக்கும். பதவி இருக்காது. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரி என்பதற்காக அப்படிச் செய்தார்கள். பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போடுவதற்கு முன் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்து காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல். 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரையும், 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரையும் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் இறந்தவர்கள் இதில் உண்டு. தந்தை பெயர், மனைவி பெயர், ஊர்கூடப் பல பதிவுகளில் இருக்கும். தேடும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முனுசாமி, கோவிந்தசாமி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். மாவட்டம் அன்றைய பெயரில் இருக்கும்: திருச்சிக்கு டிரிச்சினாபொலி, தஞ்சாவூருக்கு டாஞ்சூர், திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் வட ஆற்காடு. இந்துச் சிப்பாய்களைத் தகனம் செய்ததால் பெரும்பாலும் கல்லறை கிடையாது. அவர்கள் பெயர்கள் பிரான்சின் நவ் ஷாப்பல், பர்மாவின் தவுக்கியான், சிங்கப்பூரின் கிராஞ்சி ஆகிய நினைவுச்சுவர்களில் இருக்கின்றன. சென்னை நந்தம்பாக்கம் போர்க்கல்லறைக்கு நேரிலேயே போகலாம். இரண்டாம் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் எண்ணூற்றுக்கும் மேல் அங்கே உண்டு. முதல் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

1947-க்குப் பிறகு இறந்தவர்களுக்கு டெல்லி தேசியப் போர் நினைவகம். 2019 பிப்ரவரி 25 அன்று திறந்தார்கள். கருங்கல் பலகைகளில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். இணையத்திலும் தேடலாம். உயிரோடு இருப்பவர்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் வெலிங்டனிலும், மெட்ராஸ் சேப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை என்றால் பெங்களூரிலும் ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கிறது. படை எண் இல்லாமல் எழுதினால் பதில் வருவது கடினம்.

எங்கே வைப்பது?

இதில்தான் ஊர் ஒற்றுமை தெரியும். ஊருக்கும் காலனிக்கும் தனித்தனிச் சுடுகாடு இருக்கிற நிலையில், கல்லையும் தனித்தனியாக வைக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய மெட்ராஸ் ராணுவத்தின் சேப்பர்களிலும், பாதை அமைக்கிற பயனியர்களிலும் பெரும் எண்ணிக்கையில் இருந்தவர்கள் பறையர் குடும்பத்து ஆட்கள். அவர்களின் பேரன்கள் மாலையோடு வந்து தயங்கி நிற்க வேண்டிய இடத்தில் கல் நிற்கக் கூடாது. ஒரு சாதிக்குச் சொந்தமான கோயில் வாசலும் சாதிச் சங்கக் கட்டடமும் வேண்டாம். அரசுப் பள்ளி வளாகம், ஊராட்சி அலுவலகம், நூலகம், பேருந்து நிறுத்தத்துக்கு உள்ளடங்கிய ஊராட்சி நிலம் ஆகியவை நல்லவை. என்னைக் கேட்டால் பள்ளிக்கூடம்தான். தினமும் பார்க்க ஆள் இருக்கும், தினமும் கூட்டிப் பெருக்கவும் ஆள் இருக்கும்.

பெயர் வரிசையும் இதே கதைதான். சாதிப் பட்டம் வேண்டாம். பதவி வரிசையும் வேண்டாம். இறந்தவர்களை இறந்த நாள் வரிசையிலும், பணியாற்றியவர்களைப் படையில் சேர்ந்த ஆண்டு வரிசையிலும் எழுதினால் கர்னலும் சமையல்காரரும் அவரவர் காலத்தில் நிற்பார்கள். யாருக்கும் வாய் திறக்க இடமிருக்காது.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

முதலில் கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம் நடக்கிறது. பெயர்ப் பட்டியலையும் அதே கூட்டத்தில் வாசித்துவிடுங்கள். விடுபட்ட பெயர் அங்கேயே எழுந்து வரும். பிறகு நிலம் யாருடையதோ அந்தத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி. பள்ளி என்றால் கல்வித்துறை. கல்லோடு சிலையும் வைப்பதென்றால், மார்பளவுச் சிலையாக இருந்தாலும் சிலை சிலைதான். மாவட்ட ஆட்சியர் வழியாக அரசு அனுமதி கேட்க வேண்டும். சாலை, நடைபாதை, சாலையோரத்தை நினைக்கவே வேண்டாம். பொதுச் சாலைகளில் சிலையோ கட்டுமானமோ வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று உத்தரவிட்டிருக்கிறது. ஏரி, குளம் புறம்போக்கும் வேண்டாம். ஒரு நாள் புல்டோசர் வரும், அதோடு அவர்கள் பெயரும் போகும்.

நான்கு சிங்க முத்திரையைப் பொறிக்கலாமா? திறப்பு விழாவில் தேசியக் கொடியால் மூடலாமா?

இரண்டும் கூடாது. சிங்க முத்திரையைத் தனியார் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கொடியைச் சிலைக்கோ நினைவுச்சின்னத்துக்கோ போர்வையாக்கக் கூடாது என்று கொடி விதிகள் சொல்கின்றன. கொடியைத் தனியே கம்பத்தில் ஏற்றுங்கள். கல்லை வெள்ளைத் துணியால் மூடுங்கள். ரெஜிமென்ட் சின்னம் வேண்டுமானால் அந்தந்த ரெஜிமென்ட் சென்டருக்கு எழுதிக் கேளுங்கள்.

எந்தக் கல், எப்படிப்பட்ட எழுத்து?

கறுப்பு கிரானைட். மார்பிள் மழையில் கரையும், எழுத்து மங்கும். தங்கப் பெயின்ட் அடித்த எழுத்து பார்க்க நன்றாக இருக்கும், சில கோடைக்குள் உரிந்துவிடும். லேசரில் மேலோட்டமாகச் சுரண்டுவதைவிட ஆழமாக வெட்டிய எழுத்தே நிற்கும். விரலால் தடவினால் பள்ளம் தெரிய வேண்டும். நம் எழுத்துகளில் சுழி அதிகம். ணை, னை, ளை எல்லாம் சின்ன அளவில் வெட்டினால் கல் பொரிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால் ஆங்கிலத்துக்கு வைக்கிற அளவைவிடப் பெரிதாக வையுங்கள். வெட்டும் முன் பட்டியலை அச்செடுத்து ஒவ்வொரு குடும்பத்திடமும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இன்ஷியல் தவறு என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை.

கீழே மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். இன்னும் போகப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாசகம் எப்படி இருக்கலாம்?

சுருக்கமாக. "இவ்வூரிலிருந்து படைப்பணிக்குச் சென்றவர்கள்" என்ற ஒரு வரி போதும். கீழே பெயர், தந்தை அல்லது தாய் பெயர், படைப்பிரிவு, ஆண்டு. இறந்தவருக்கு நாளும் இடமும்.

திறந்து வைப்பவர், நன்கொடை கொடுத்தவர் பெயர்கள்?

பின்பக்கம், சிறிய எழுத்தில். முன்பக்கம் முழுக்கத் திறப்பாளர்கள் பெயரும் ஓரத்தில் வீரர் பெயரும் உள்ள கற்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. திறந்து வைக்க, இறந்தவரின் தாயோ மனைவியோ ஊரின் மூத்த படைவீரரோ இருந்தால் வேறு யாரையும் தேட வேண்டாம்.

எந்த நாளில் வைக்கலாம்?

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான ஜெனரல் கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற நாள் அது. போகி, பொங்கலோடு சேர்ந்து வருவதால் லீவில் வந்தவர்களும் வெளியூர்க்காரர்களும் ஊரில் இருப்பார்கள். டிசம்பர் 7 கொடிநாளும் பொருத்தம். ஊரில் ஒரே ஒருவர்தான் இறந்திருக்கிறார் என்றால் அவர் இறந்த நாளை விட்டு வேறு நாள் பார்க்க வேண்டாம்.

எங்கள் ஊரில் பழைய ஆங்கிலக் கல்வெட்டு ஒன்று சுண்ணாம்புக்கடியில் இருக்கிறது. பெயர்த்துப் புதுக்கல்லோடு வைக்கலாமா?

பெயர்க்காதீர்கள். உப்புத்தாள், ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். தொல்லியல் துறைக்குத் தெரிவித்துவிட்டு, அதன் பக்கத்திலேயே புதுக்கல்லை நட்டு, அதில் இருக்கிற எண்ணிக்கைக்கு எத்தனை பெயர் கிடைக்கிறதோ அத்தனையும் எழுதுங்கள். ஐந்து பேர் என்று பழைய கல் சொல்லி, இரண்டு பெயர்தான் கிடைத்தது என்றால் இரண்டை எழுதி மூன்று வரியைக் காலியாக விடுங்கள். அந்த வெற்றிடத்தைப் பார்த்து யாராவது ஒருவர் தன் வீட்டுப் பெட்டியைத் திறப்பார்.

பிற்பாடு யார் பார்த்துக்கொள்வது?

தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். ஊராட்சிச் செயலர், பள்ளித் தலைமையாசிரியர், முன்னாள் படைவீரர் ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். ஆள் மாறினாலும் பதவி இருக்கும். பெயர்ப் பட்டியலும் ஆவண நகல்களும் கொண்ட கோப்பு ஒன்று பள்ளியிலும் ஒன்று ஊராட்சியிலும் இருக்கட்டும். புதுப்பெயர் சேர்க்க ஆண்டுக்கு ஒரு முறை, ஜனவரி 26 கிராம சபையில் விண்ணப்பம் வாங்கினால் போதும்.